மாப்பிள்ளை இல்லாத விண்ணப்பம்

ஊசிமலைத் தோட்டத்தில் கோயில் தலைவரும் தேவாலயத்து உபதேசியாரும் கடைக்கார ஹுசைன் முதலாளியும் பௌத்தப் பன்சலைப் பிக்கு ஹாமுதுருவும் ஒரே வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது, எனக்குத் தெரிந்து, ஒரே ஒரு தடவைதான். அதற்கு முந்திய மூன்று வருஷமும் யாருடைய ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற தகராறில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்தார்கள். அவர்களை ஒன்றாக உட்கார வைத்த பெருமை தேயிலை பறிக்கும் இரண்டு கொழுந்துக்காரிகளைச் சேரும். ஒருத்தி காளியாயி, மற்றவள் தெய்வானை. நடந்தது இரண்டாயிரத்து ஐந்தில். நான் அப்போது அந்தத் தோட்டப் பாடசாலையில் வாத்தியார்.

காளியாயிக்கு நாற்பத்தொரு வயது. லிந்துலைக்கு மேலே அந்த மலையில் பிறந்து, அந்த மலையிலேயே கொழுந்தெடுத்து, அந்த மலையிலேயே எல்லாரோடும் சண்டை போட்டவள். கலியாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்த மூன்று பேரில் ஒருவன் அவள் பேசியதைக் கேட்டுத் தேத்தண்ணியைக்கூட முடிக்காமல் போய்விட்டான் என்று சொல்வார்கள். தெய்வானை அவளைவிட மூன்று வயது இளையவள். இருப்பதே தெரியாத மாதிரி இருப்பாள். அவளை டிக்கோயாப் பக்கத் தோட்டம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மேளதாளத்தோடு, ஊர் சாப்பிட்டு வாழ்த்திய கலியாணம். நாலு வருஷம் கழித்து வலது மணிக்கட்டு முறிந்து, ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் தனியாகத் திரும்பி வந்தாள். அப்பா அம்மா அதற்குள் செத்துப் போயிருந்தார்கள். அண்ணன்காரன் கதவைத் திறக்கவில்லை. காளியாயி திறந்தாள்.

அது தொண்ணூற்றிரண்டாம் வருஷம். அதிலிருந்து ஆறாம் லயம் என்ற வரிசைக் கட்டடத்தில் மூன்றாவது காம்பரா, ஒற்றை அறை, அந்த இரண்டு பேருடையது. ஓர் அடுப்பு, ஒரு கட்டில், ஒரு கோழிக்கூடு. ஊர் அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. கேட்டால் 'கூட்டாளிங்க' என்பார்கள். மாரியம்மன் திருவிழாவில் ஒவ்வொரு வருஷமும் ஒலிபெருக்கியில் உபயகாரர் பெயர் வாசிக்கும்போது 'காளியாயி தெய்வானை குடும்பத்தினர்' என்றே வாசிப்பார்கள். வாசித்தவர் கோயில் தலைவர் செல்லசாமி. அம்மனுக்குப் பொங்கல் பானை வந்துகொண்டிருந்தவரை குடும்பம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து ஜூலையில் ஆறாம் லயம் எரிந்தது. ஆட்கள் மலையில் நிற்கும்போது, கூரைக்குள் ஓடிய பழைய வயர் ஒன்று பற்றிக்கொண்டது. உயிர்ச்சேதம் இல்லை. பதினாலு காம்பராவும் போயிற்று. எல்லாரையும் பழைய பிள்ளைக்காம்பராவில் கொண்டுபோய் வைத்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகக் கட்டிய பெரிய ஒற்றை அறை அது. சேலைகளைக் கட்டிப் பதினாலு பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் இருமினால் பதின்மூன்று குடும்பம் விழித்துக்கொள்ளும்.

பிறகு ஓர் அமைச்சர் வந்தார், மாலை போட்டுக்கொண்டார், பதினாலு வீடு என்று அறிவித்தார். தனி வீடு, தனித்தனி வாசல். எல்லாரும் கைதட்டினார்கள். அமைச்சர் போன பிறகு விண்ணப்பப் படிவம் வந்தது. அதில் ஒரு வரி: வீடு குடும்பத்துக்கே வழங்கப்படும், குடும்பம் என்பதற்கு விவாகப் பதிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டும்.

பதினாலு குடும்பத்தில் அந்தச் சான்றிதழ் இருந்தது இரண்டே குடும்பத்திடம்தான். மற்றவர்களிடம் தாலி இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், சிலரிடம் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். சான்றிதழ்த் துண்டு இல்லை. அரசாங்கக் கணக்கில் ஆறாம் லயம் முழுவதும் தகாத உறவில் வாழ்ந்துகொண்டிருந்தது.

அதைச் சரிசெய்ய நவம்பர் கடைசியில், தேர்தல் முடிந்த கையோடு, பாடசாலை மண்டபத்தில் ஒரு நடமாடும் சேவை வைத்தார்கள். விவாகப் பதிவாளர் துரைராசா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சேட்டு, மடிப்புக் குலையாத காற்சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனை. பதினைந்து வருஷமாக மலையில் வேலை பார்த்தும் மலை அவருக்கு ஒத்துவரவில்லை. அவருடைய மனைவி கேதீஸ்வரியின் தம்பி ரொறன்ரோவில் இருந்தார். அவர் மூலம் குடும்பத்தோடு போக விண்ணப்பித்திருந்தார்கள். 'பேப்பர் வந்திட்டால் இந்தக் குளிரிலை கிடந்து சாகத் தேவையில்லை' என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்வார். கனடாவில் குளிர் எப்படி என்று ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

அன்றைக்குக் காலையில் மண்டபம் திருவிழா மாதிரி இருந்தது. அறுபது வயதுப் பெண்கள் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க வெட்கப்பட்டுக்கொண்டே கைநாட்டு வைத்தார்கள். சிக்கல் அழகுமுத்துவிடம்தான் வந்தது. அவனுக்கு இரண்டு மனைவி, லயத்தில் இரண்டு காம்பரா. சட்டம் ஒருத்தியைத்தான் ஒப்புக்கொள்ளும். ஒருத்தியைப் பதிந்தால் ஒரு வீடு போய்விடும்.

செல்லசாமி அதற்கு வழி கண்டுபிடித்தார். கோயில் தலைவர் மட்டுமல்ல, தொழிற்சங்கத்திலும் அவர்தான் தலைவர். வழி கண்டுபிடிப்பது அவர் தொழில். கொழும்பில் கடையில் நிற்கும் அழகுமுத்துவின் தம்பியை வரவழைத்திருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு வந்த அந்த இளைஞனைச் சின்னவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

துரைராசா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "தம்பி, பொம்பிளையை முந்தியே தெரியுமோ?"

"தெரியும் ஐயா," என்றான் அவன். "அண்ணி."

துரைராசா இருமினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எழுதினார். எல்லாம் சட்டப்படி நடந்தது. செல்லசாமி இரண்டு பேருக்கும் விபூதி பூசி, நீண்ட ஆயுளோடு இருக்கும்படி வாழ்த்தினார். அழகுமுத்து சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

அதற்கு அடுத்து வரிசையில் நின்றவர்கள் காளியாயியும் தெய்வானையும்.

"மாப்பிள்ளை எங்கை?" என்று துரைராசா நிமிராமலே கேட்டார்.

"அப்படி யாரும் இல்லீங்க ஐயா. நாங்க ரெண்டு பேருந்தான்."

துரைராசா நிமிர்ந்தார்.

"குடும்பத்துக்குத்தான் வீடுன்னு எழுதியிருக்கு," என்றாள் காளியாயி. "நாங்க பதிமூணு வருசமா ஒண்ணா இருக்கோம். இங்க எல்லாரும் துண்டு எடுக்குறாங்க. எங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க."

"பிள்ளை, உது கலியாணப் பதிவு. இஞ்சை பாருங்கோ, ஆண் தரப்பு எண்டு ஒரு கட்டம், பெண் தரப்பு எண்டு ஒரு கட்டம்."

"ஆண் தரப்புல என் பேர எழுதுங்க. நான்தான் மூத்தவ."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலில் அவள் விளையாடுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தெய்வானை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்ற விதத்தில் அது விளையாட்டில்லை என்று மெல்ல மெல்லப் புரிந்தது. சிரிப்பு நின்றது.

"உப்பிடி எழுத ஏலாது," என்றார் துரைராசா. "உது சமயத்துக்கு விரோதம். எந்தச் சமயமும் இதை ஏற்றுக்கொள்ளாது."

"ஐயா கோயில் ஆளுங்களா, கவருமெண்டு ஆளுங்களா?"

"அரசாங்க உத்தியோகத்தன்."

"அப்ப சாமிய எதுக்குங்க கூப்பிடுறீங்க? உங்க சட்டத்துல முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, போயிடுறோம்."

அவர் அப்படிச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சட்டத்தில் இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு கொழுந்துக்காரி தன்னை மடக்கிவிட்டாள் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. தட்டிக்கழிக்க ஒரு வழி சொன்னார். "உங்கடை கோயில் கமிட்டியிட்டை ஆட்சேபணை இல்லையெண்டு ஒரு கடிதம் கொண்டு வாங்கோ. பிறகு பாப்பம்."

அவர் சொன்னதைக் காளியாயி அப்படியே நம்பினாள்.

மறுநாள் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு இரண்டு பேரும் கோயிலுக்குப் போனார்கள். செல்லசாமி ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, வெற்றுக்கால், நெற்றி நிறையச் சந்தனம். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு அடி பின்னால் போனார்.

"இந்தா புள்ள, விரதத்துல இருக்கேன். இந்த மாதிரிப் பேச்செல்லாம் காதுல விழக்கூடாது."

"ஐயாதான் உங்ககிட்ட கடுதாசி வாங்கிட்டு வரச் சொன்னாரு தலைவரே."

"கலியாணப் பதிவு கவருமெண்டு வேல. கோயில் அதுல தலையிட முடியாது. அவரு பதிஞ்சா நாங்க என்ன செய்யப்போறோம்?"

"ஆட்சேபன இல்லன்னு அதத்தான் எழுதிக் கேக்குறாரு."

"ஆட்சேபன இருக்கே! ஆம்பளைக்கு பொம்பளன்னு சாமியே வகுத்து வெச்சிருக்கு."

"எந்த சாமிங்க?"

"எல்லா சாமியுந்தான்."

காளியாயி அவர் கழுத்து மாலையைப் பார்த்தாள். "நீங்க மாலை போட்டிருக்கிற சாமிக்கு அப்பா சிவனுங்க. ஆத்தா யாருங்க?"

விஷ்ணு என்று சொல்ல வேண்டிவரும் என்பது செல்லசாமிக்குத் தெரியும். "அது தத்துவம், புள்ள," என்றார் கடைசியில்.

"அப்ப எங்களுதையும் தத்துவம்னு எழுதிக் குடுங்களேன்."

தெய்வானை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கோயிலுக்குப் போனால் லிந்துலையில் இருந்த பதிவாளர் கந்தோரைக் கை காட்டினார்கள். கந்தோருக்குப் போனால் கோயிலைக் கை காட்டினார்கள். லிந்துலைக்கும் தோட்டத்துக்கும் இடையில் மூன்று தடவை நடந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அரை நாள் பெயர், அதாவது அரை நாள் கூலி, போயிற்று. மூன்றாவது தடவை துரைராசா, தன் மேசைக்கு முன்னால் இந்துக்கள் மட்டுமல்ல, எல்லாச் சமயத்தவரும் வருவதால் எல்லாச் சமயத்தின் அபிப்பிராயமும் வேண்டும் என்றார். இதைச் சொன்னால் அவர்கள் சோர்ந்துபோவார்கள் என்று நினைத்தார். அவர்கள் சோர்வதற்கு முன் செல்லசாமி அதைப் பிடித்துக்கொண்டார்.

டிசம்பர் பௌர்ணமிப் போயா நாளில் பாடசாலை மண்டபத்தில் சர்வசமயக் கூட்டம் என்று அறிவித்தார்கள். முதல் வரிசையில் நான் ஆரம்பத்தில் சொன்ன நால்வரும், தலைமை நாற்காலியில் துரைராசாவும். கூட்டக் குறிப்பு எழுத எழுத்து நன்றாக இருக்கும் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். மறுத்திருக்கலாம்.

உபதேசியார் முதலில் பேசினார். ஆதாம், ஏவாள் என்று தொடங்கி அரை மணி நேரம் பேசினார். ஆதாம் ஏவாளுக்கு யார் பதிவாளர் என்று காளியாயி பின்வரிசையிலிருந்து கேட்டாள். உட்காரச் சொன்னார்கள். அடுத்து ஹுசைன் முதலாளி எழும்பினார்.

"எங்கட கலியாணச் சட்டம் வேற," என்றார். "வழக்குக் கேக்குற காழி கோடும் வேற. இதுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சம்பந்தம் இல்லாட்டியும் நாங்க இத எதிர்க்கிறம்."

கைதட்டல் விழுந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் செல்லசாமி ஹுசைனின் கையைக் குலுக்கினார்.

பிறகு ஹாமுதுரு. வயதானவர், கூச்ச சுபாவம். எதற்குக் கூப்பிட்டார்கள் என்பதே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னதும் கொஞ்சம் யோசித்துச் சிங்களத்தில் நாலு வரி பேசினார். செல்லசாமி எழுந்து மொழிபெயர்த்தார்.

"ஹாமுதுரு இந்த அநியாயத்த வன்மையா கண்டிக்கிறாரு. பௌத்தம் இதுக்கு ஒருக்காலும் எடம் குடுக்காதுன்னு சொல்றாரு."

மண்டபம் கைதட்டியது. காளியாயி எழுந்து நின்றாள். சந்தையில் கோழிமுட்டை விற்றுப் பழகிய சிங்களம் அவளுடையது. செல்லசாமியின் சிங்களத்தைவிட நல்லது.

"அப்படிச் சொல்லலீங்களே தலைவரே."

"உக்காரு!"

"கலியாணம் ஊரு வேல, நாங்க கலியாணம் செஞ்சும் வெக்கிறதில்ல, பிரிச்சும் வெக்கிறதில்ல, பிரித் ஓதக் கூப்பிட்டா வந்து ஓதுறோம், இதுக்கு எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்கன்னுதானே கேட்டாரு?"

அதையே அவரிடம் சிங்களத்தில் திருப்பிச் சொல்லிக் கேட்டாள். ஹாமுதுரு சிரித்துக்கொண்டு தலையாட்டினார். பிறகு குடையை எடுத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டுத் தானம் எடுக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார். அவர் போனதும் செல்லசாமி என் பக்கம் குனிந்து, "சார், ஹாமுதுருவின் முன்னிலையில்னு எழுதிக்குங்க," என்றார். எழுதினேன்.

கடைசியில் துரைராசா. அவர் நேரே உலகத்துக்குப் போனார். "இது இஞ்சை மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. கனடாவிலை ஜூலை மாதம் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் முடிக்கலாம் எண்டு சட்டமே கொண்டு வந்திட்டினம். சமயத்தையும் அரசாங்கத்தையும் பிரிச்சால் இப்பிடித்தான் முடியும். கோயிலைக் கேளாமல் சட்டம் போடுற நாடு உருப்படுமோ?"

காளியாயிக்கு அந்தச் செய்தி அன்றைக்குத்தான் தெரியும். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கோபமில்லை, எங்கேயோ தூரத்தில் தனக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பதாகக் கேள்விப்பட்டவள் மாதிரி இருந்தாள். "அங்க கோயில் கமிட்டி இல்லீங்களா ஐயா?" என்று உண்மையாகவே கேட்டாள்.

"இருக்கு. ஏன் இல்லாமல்? ஆனால் கந்தோருக்குள்ளை வராது."

"அதுக்குத்தான் நீங்க அங்க போகப் பேப்பர் போட்டிருக்கீங்களா?"

சிரித்ததில் பாதிப்பேர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரித்தார்கள். துரைராசா தீர்மானத்துக்குப் போவோம் என்றார்.

தீர்மானத்தை நான் எழுதினேன். இன்றைக்கும் அதன் வாசகம் எனக்கு மனப்பாடம்: 'சமய விடயங்களில் அரசாங்கம் தலையிடலாகாது என இக்கூட்டம் வலியுறுத்துகிறது. ஆகவே எமது சமயங்களின் கோட்பாட்டுக்கு அமைய அரசாங்கம் உடனடியாகத் தலையிட்டு இதனைத் தடுக்குமாறு கேட்டுக்கொள்கிறது.' ஒருவருக்கும் அதில் ஒன்றும் இடறவில்லை. எல்லாரும் கையெழுத்திட்டார்கள். அழகுமுத்து, குடும்பத்தின் புனிதம் என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும் என்று எழுந்து சொன்னான். சேர்த்தோம்.

தீர்மானத்தின் ஒரு பிரதி பொலிசுக்கும் போனது. அதற்கு யோசனை சொன்னவர் துரைராசா. இரண்டு ஆண்கள் சேர்வதைப் பற்றி வெள்ளைக்காரன் எழுதிவைத்த குற்றச் சட்டம் ஒன்று உண்டு. தொண்ணூற்றைந்தாம் வருஷம் அதைத் திருத்தினார்கள். எடுத்துவிடுவார்கள் என்று சிலர் நம்பிக்கொண்டிருக்க, ஆண்கள் என்ற இடத்தில் ஆட்கள் என்று மாற்றிப் பெண்களையும் உள்ளே சேர்த்துவிட்டார்கள். பெண்களுக்குச் சமத்துவம் கேட்ட இடத்திலெல்லாம் கைவிரித்த நாடு இந்த ஓர் இடத்தில் கேளாமலே கொடுத்தது.

ஒரு சார்ஜன்ட் மோட்டார் சைக்கிளில் வந்தார். தொப்பை வைத்த, தூங்குமூஞ்சி மனிதர். பிள்ளைக்காம்பராவில் சேலைகளை விலக்கி விலக்கிப் போய் மூன்றாவது பங்கில் ஒரு கட்டிலையும் ஒரு கோழியையும் பார்த்தார். பிறகு வாசலில் நின்றுகொண்டு அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"யார் பாத்தது?"

"எல்லாருக்கும் தெரியும் சேர்," என்றார் செல்லசாமி.

"தெரியும் வேற. பாத்தது வேற. பாத்த ஆள் வந்து ஸ்டேட்மெண்ட் கொடு. எந்த நாள், எத்தன மணி, சேலைக்கு எந்தப் பக்கம் இருந்து பாத்தது, எல்லாம் எழுத வேணும்."

யாரும் முன்னால் வரவில்லை. தன் பக்கத்துச் சேலையை விலக்கிப் பார்த்தேன் என்று மனைவி பக்கத்தில் நிற்க எந்த ஆண் சொல்வான்? சார்ஜன்ட் வாசற்படியில் உட்கார்ந்தார். தெய்வானை கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார், நல்லா இருக்கு என்றார், போய்விட்டார்.

இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். சிரிக்கவில்லை. தெய்வானை அன்றைக்கு முழுவதும் அடுப்புப் பக்கமே உட்கார்ந்திருந்தாளாம். மலையில் மற்றப் பெண்கள் அவர்களுக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில் நிற்கமாட்டோம் என்றார்கள். குழாயடியில் அவர்கள் குடத்தைக் கடைசியில் தள்ளினார்கள். பதின்மூன்று வருஷம் கூட்டாளிகள் என்று சொன்ன வாய்கள் வேறு சொற்களைக் கண்டுபிடித்தன. எதுவும் புதிதாக நடக்கவில்லை. அவர்கள் ஒரு படிவம் கேட்டார்கள், அவ்வளவுதான்.

மார்கழி முடியும்போது செல்லசாமி தாமாகவே பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். பம்பைக்குப் போய்வந்த களையும் சாந்தமும் முகத்தில் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஒரு வீடு கைநழுவிப் போவதை எந்தத் தொழிற்சங்கத் தலைவரும் பொறுக்கமாட்டார். பதின்மூன்று வீட்டுக்கு ஆள் சரி. பதினாலாவது வீட்டைத் திருப்பி அனுப்பினால் அரசாங்கம் அடுத்த தோட்டத்துக்குக் கொடுத்துவிடும்.

"காளியாயி, ஒரு யோசன," என்றார். "மூக்கன் பெரியவரு சம்சாரம் தவறி எட்டு வருசமாச்சு. லிந்துலையில மக வீட்டோடதான் இருக்காரு. அவருக்கும் உனக்கும்னு ஒரு பதிவு போட்டுருவோம். துரைராசா ஐயாகிட்ட நான் பேசிட்டேன். பெரியவரு இங்க வரமாட்டாரு. வீடு உனக்கு. உள்ள நீங்க ரெண்டு பேரும் எப்படி வேணாலும் இருந்துக்கலாம், யாரும் கேக்கமாட்டாங்க. ஊருக்கும் மானம், உங்களுக்கும் வீடு."

வாயாடி காளியாயி கத்துவாள் என்று சேலைகளுக்குப் பின்னால் பதின்மூன்று குடும்பமும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தன. அவள் கத்தவில்லை. அவளுக்குக் களைத்துவிட்டது. கூரை ஒழுகியது, தெய்வானைக்கு இரண்டு வாரமாக நெஞ்சுச் சளி. "ஒரு துண்டுதானே, புள்ள," என்றாள் தெய்வானையைப் பார்த்து. "மூக்கன் பெரியவரு என்ன கடிச்சா திங்கப்போறாரு? கதவச் சாத்திட்டா நம்ம வீடு."

தெய்வானை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

"தலைவரே, என் கலியாணத்துக்கு நீங்க வந்தீங்க. ஞாபகம் இருக்குங்களா?"

"வந்தேன்."

"ரெண்டு தடவ சாப்பிட்டீங்க. நல்லா இருன்னு வாழ்த்துனீங்க." அவள் சத்தம் போடவில்லை. வலது கையை மட்டும் நீட்டினாள். மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. "அந்தக் கலியாணம் நல்ல கலியாணம்னு எல்லா சாமியும் சொல்லுச்சு. இந்தக் கையோட நான் பஸ்ஸுல வந்தப்ப ஒரு கமிட்டியும் கூடல. இப்ப பொய்யா ஒண்ணு எழுதுனா வாழ்த்துறீங்க, உண்மையச் சொன்னா பொலிசக் கூப்பிடுறீங்க. எங்களுக்கு வீடு வேணாங்க."

"ஏ புள்ள," என்றாள் காளியாயி.

"நீ வேணும்னா மூக்கனக் கட்டிக்க. நான் வரமாட்டேன்."

காளியாயி அவளையே பார்த்தாள். அத்தனை வருஷத்தில் தெய்வானை அவளுக்கு எதிராகச் சொன்ன முதல் வார்த்தை அது என்று பிறகு என்னிடம் சொன்னாள். அப்புறம் செல்லசாமியிடம் திரும்பி, "அவ சொல்லிட்டாங்க தலைவரே. போயிட்டு வாங்க," என்றாள்.

சித்திரையில் வீடுகள் முடிந்தன. ரிப்பன் வெட்டினார்கள். பதின்மூன்று குடும்பம் சட்டி பானையோடு குடிபோயிற்று. அழகுமுத்துவின் சின்னவள் தன் சட்டப்படியான கணவனின் வீட்டில், சட்டமில்லாத கணவனோடு குடியேறினாள். கொழும்புத் தம்பி இரண்டு மாதத்தில் வீடு தன் பெயரில்தான் இருக்கிறது என்று வந்து நின்றான். அண்ணன் தம்பி வழக்கு இன்னும் நடப்பதாகக் கேள்வி. பதினாலாவது வீட்டைச் சர்வசமய மண்டபம் ஆக்கினார்கள். முதல் கூட்டத்தில் சுவரில் யாருடைய படத்தை நடுவில் மாட்டுவது என்பதில் நாற்காலி பறந்தது. பூட்டிச் சாவியைத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கொடுத்துவிட்டார்கள். துரைராசாவுக்கு அடுத்த வருஷம் பேப்பர் வந்தது. ரொறன்ரோவில் ஓர் அரச கந்தோரில் வேலை கிடைத்ததாம். என்ன வேலை என்று கடிதத்தில் எழுதவில்லை.

பிள்ளைக்காம்பராவில் காளியாயியும் தெய்வானையும் மட்டும் எஞ்சினார்கள். அவர்களை என்ன செய்வது என்று தோட்டத் துரை கேட்டபோது, கிளாக்கர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பட்டியலில் இல்லாதவர்களை வெளியேற்றப் படிவம் இல்லை என்றாராம். அந்தத் தோட்டத்திலேயே பெரிய அறை அது: வெள்ளைக்காரன் கட்டிய கல் சுவர், எட்டு யன்னல். சேலைகளை அவிழ்த்துத் துவைத்தார்கள். கூரைக்குத் தகரம் போட்டார்கள். பிள்ளைகள் விளையாடிய முற்றத்தில் கறிக்கு லீக்ஸ் நட்டார்கள். மலையில் பக்கத்து நிரையில் நிற்க மாட்டோம் என்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப வந்தார்கள், மன்னிப்பு என்று ஒன்றும் கேட்காமல், லீக்ஸ் கேட்டுக்கொண்டு. தெய்வானை கொடுத்தாள். காளியாயி திட்டிக்கொண்டே கட்டிக் கொடுத்தாள்.

இரண்டாயிரத்து எட்டில் தலவாக்கலைக்கு மாற்றலாகிப் போகுமுன் சொல்லிக்கொள்ள அங்கே போனேன். கதவுக்குப் பெயின்ட் அடிக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. காளியாயிக்குப் பச்சை வேண்டும், தெய்வானைக்கு நீலம். இரண்டு டின்னும் திறந்தபடி வாசற்படியில் இருந்தன.

"சாரே, படிச்சவரு, நீங்களே சொல்லுங்க," என்றாள் காளியாயி.

"உங்க வீடு. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க," என்றேன்.

நீலம் அடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.